கரண்ட் வந்தது, நெட் வரவில்லை: ஃப்ரீபிஎஸ்டி ரவுட்டரில் ஒரு கோளாறு

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. நாலு சிஸ்டம். நெட்டைப் பிரித்துக்கொடுக்க, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் போட்ட பழைய கணினி ஒன்று. ஃபயர்வால் (வேண்டாததைத் தடுப்பது), நாட் (ஒரே நெட் முகவரியை எல்லா சிஸ்டத்துக்கும் பகிர்வது) இரண்டும் அதில் ஓடும் பிஎஃப் என்ற மென்பொருளின் பொறுப்பு. கரண்ட் போய் வந்தாலே கடைக்கார அண்ணனிடமிருந்து போன்: "தம்பி, கரண்ட் வந்துச்சு, நெட்டு வரல." நான் போய் பிஎஃப்பின் விதிகளை மறுபடி ஏற்றினால் உடனே வந்துவிடும்.

கையால் ஏற்றினால் ஓடுகிறது, தானாக எழுந்தால் ஓடவில்லை. அப்படியென்றால் கணினி எழும் நேரத்தில்தான் ஏதோ இடிக்கிறது. (கட்டளைகளைச் சொல்லும் ஒலியில் எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

1. அந்தக் கணினியின் கீபோர்டுக்கு முன்னாலேயே உட்காருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறு கணினியில் இருந்து, ஃபயர்வாலைத் தொட்டால், வெளியே நின்று கதவைப் பூட்டிக்கொண்ட கதைதான். எனக்கு ஒருமுறை ஆயிற்று.

2. எழும்போது எதையெல்லாம் ஓட்டுவது என்று சொல்லும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் கேட்வே_எனேபிள், பிஎஃப்_எனேபிள் இரண்டும் "யெஸ்" ஆக இருக்க வேண்டும். வேறெங்கிருந்தோ காப்பி அடித்திருந்தால் மேற்கோள் குறியைப் பாருங்கள். வளைந்த குறி செல்லாது. அப்புறம் 'சிஸ்சிடிஎல் நெட்.ஐநெட்.ஐபி.ஃபார்வார்டிங்' 1 காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், ஒரு கார்டில் வருவதைக் கணினி இன்னொன்றுக்குக் கடத்துகிறது என்று பொருள்.

3. 'பிஎஃப்சிடிஎல் -எஸ் இன்ஃபோ' தட்டினால் எனேபிள்ட் என்று வரும். நம்பிவிடாதீர்கள்! விதிக் கோப்பு ஏறாவிட்டாலும் பிஎஃப் விழித்துக்கொள்ளும். '-எஸ் நாட்', '-எஸ் ரூல்ஸ்' இரண்டையும் பாருங்கள். கடையில் இரண்டும் காலி. நாட் இல்லாததால் நெட் இல்லை. தடுக்கும் விதியும் இல்லாததால் ஃபயர்வால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

4. ஏன் ஏறவில்லை? ஸ்க்ரோல் லாக்கை அழுத்தி, பேஜ் அப்பில் மேலே போனால் எழும்போது ஓடிய வரிகள் தெரியும். அங்கே இருந்தது: 'நோ ஐபி அட்ரஸ் ஃபவுண்ட் ஃபார் ஆர்இ0'. ஆர்இ0 என்பது ஃபைபர் பெட்டியோடு இணைந்த நெட்வொர்க் கார்டின் பெயர்.

விஷயம் இதுதான். கரண்ட் வந்ததும் கணினி எழுந்துவிடுகிறது. ஃபைபர் பெட்டி இன்னும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியிடமிருந்து முகவரி வருவதற்குள் பிஎஃப் தன் கோப்பைப் படித்து, ஆர்இ0-வுக்கு முகவரி இல்லை என்று கோப்பு முழுவதையும் தள்ளிவிடுகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் முகவரி வந்திருக்கும். அதனால்தான் என் கைராசி!

5. விதிக் கோப்பான பிஎஃப்.கான்ஃபில் ஒரு ஜோடி அடைப்புக்குறி போதும் (192.168.50.0/24 என்பது கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்):

நாட் ஆன் ஆர்இ0 ஃப்ரம் 192.168.50.0/24 டு எனி -> (ஆர்இ0)

அடைப்புக்குறி போட்டால், அந்த கார்டுக்கு அவ்வப்போது எந்த முகவரி இருக்கிறதோ அதை பிஎஃப் எடுத்துக்கொள்ளும். முகவரி மாறினாலும் கவலையில்லை. மற்ற விதிகளிலும் முகவரிக்குப் பதில் கார்டின் பெயர் இருந்தால் இதையே செய்யுங்கள். தளப் பெயர்கள் இருந்தால் ஐபி எண்ணாக மாற்றுங்கள். அந்த நேரத்தில் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் இருக்காது. நாட் வரி, பாஸ், பிளாக் வரிகளுக்கு மேலே இருக்கட்டும்.

6. 'பிஎஃப்சிடிஎல் -என்எஃப் /இடிசி/பிஎஃப்.கான்ஃப்' ஏற்றாமல் சரிபார்க்கும். அது சத்தமில்லாமல் முடிந்தால் '-எஃப்' மட்டும் போட்டு ஏற்றுங்கள்.

கடைசியில் ஷட்டவுன் செய்து, பெட்டி, கணினி இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஒரே நேரத்தில் போடுங்கள். பெட்டியின் விளக்கு நிலைத்ததும் கடை சிஸ்டத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அண்ணன் அதற்குள் அடுத்த ஆளுக்குப் பிரிண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்.