மரவள்ளி மாவில் பிளாஸ்டிக்: சென்னையில் எங்கே சறுக்குகிறது?

மரவள்ளிக்கிழங்கு மாவில் மட்கும் பிளாஸ்டிக் செய்வது கல்லூரி ப்ராஜெக்டுக்கு நல்ல தேர்வு. சேலம் பக்கத்து மாவு சென்னையில் எளிதாகக் கிடைக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. ஆனால் மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றிக் காயவைத்த மெல்லிய தாளை (ஃபிலிம்) உரித்த அன்றே வளைத்துப் பார்த்து, வெற்றி என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு.

மாவு மட்டும் காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வளைந்துகொடுக்க கிளிசரின் சேர்க்கிறோம். 100 கிராம் மாவுக்கு 25 முதல் 35 கிராம் வரை வைத்துத் தொடங்கலாம். விரிசல் விட்டால் உடனே இன்னும் ஊற்றத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஏசி லேபில் அழகாக இருந்த ஃபிலிம், ஐப்பசி மழையில் சாதாரண அறையில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். இன்னொரு பக்கம், நாளாக ஆக மாவின் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் அதே ஃபிலிம் விறைத்தும் போகலாம். ஒரே தட்டில் வார்த்ததை வெட்டி, பாதியை ஏசியிலும் பாதியை வெளியிலும் மூன்று வாரம் வையுங்கள். அவ்வப்போது எடை போட்டால் எவ்வளவு ஈரம் குடித்தது என்று தெரிந்துவிடும்.

காய்ச்சும்போதும் அவசரம் கூடாது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். பால் போன்ற வெள்ளை மாறி, கண்ணாடிப் பதம் வரும்வரை சிறுதீயில் கிளறுங்கள். வேகாத மாவு காய்ந்தபின் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஃபிலிம் அங்கேதான் கிழியும். அப்புறம், மே மாத மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள், ஓரம் முதலில் காய்ந்து சுருண்டுவிடும். நிழல் போதும்.

தண்ணீரில் ஊறிக் குழைந்தால் மட்கிவிட்டது என்று அர்த்தமில்லை. சாதாரண பிளாஸ்டிக் பை செய்யும் பாலிஎத்திலீனோடு மாவைக் கலப்பது அதைவிட மோசம்: மாவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், பிளாஸ்டிக் துணுக்குகளாக மண்ணில் தங்கும். மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரம் கேட்பது, சுமார் 58 டிகிரி சூட்டிலுள்ள உரக்குவியலில் 180 நாளுக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாறுவதை. கொடுங்கையூர் குப்பைமேட்டில் அந்தச் சூழல் அமையாது. மட்கும் பை என்று விற்க வேண்டுமானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும்.

சரி, எதைச் செய்வது? சூடான சாம்பார் பார்சலுக்கு இது தாங்காது. உலர்ந்த பொருளைச் சுற்றும் உறையில் தொடங்குங்கள்.