கேம் ஆஃப் த்ரோன்ஸ் பேருந்துச் சுற்றுலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2019இல் முடிந்துவிட்டது. ஆனாலும் அது படமாக்கப்பட்ட வட அயர்லாந்து ஊர்களைச் சுற்றிக்காட்டும் பேருந்துகள் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து இன்றும் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் ஏறி ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களின் கதையைக் கேட்டால், தவறு பெரும்பாலும் சீட்டு வாங்கும்போதே நிகழ்ந்திருக்கும்.

முதல் தவறு, எல்லாச் சுற்றுலாவும் ஒன்றே என்று நினைப்பது. பெல்ஃபாஸ்டிலிருந்து வடக்கே செல்லும் பேருந்து ஆன்ட்ரிம் கடற்கரையை ஒட்டிப் போய், குஷென்டன் குகை, பாலின்டாய் துறைமுகம், டார்க் ஹெட்ஜஸ் என்னும் மரச்சாலை ஆகியவற்றைக் காட்டும். தொடரின் முக்கியக் குடும்பமான ஸ்டார்க் குடும்பத்தின் வின்டர்ஃபெல் கோட்டையாக வந்த காசில் வார்ட் மாளிகை வளாகமும், ஓநாய்க் குட்டிகள் கண்டெடுக்கப்பட்ட டோலிமோர் காடும், அக்குடும்பத்தின் மூத்த மகன் ராப் அரசனாக அறிவிக்கப்பட்ட இன்ச் ஆபி இடிபாடுகளும் நகருக்குத் தெற்கே இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு நாள் வேண்டும். நடிகர்களின் உடைகளையும் படப்பிடிப்பு அரங்குகளையும் பார்க்க விரும்புகிறவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிட்டு, 2022இல் பேன்பிரிட்ஜில் திறக்கப்பட்ட ஸ்டுடியோ சுற்றுலாவுக்குச் செல்வதே பொருத்தம். வெளிப்புறத் தலங்களில் அரங்குகளைக் கழற்றிக்கொண்டு போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்தியக் கடவுச்சீட்டில் செல்கிறவர்கள் செய்யும் தவறு இன்னும் ஆபத்தானது. டப்ளினிலிருந்தும் இதே தலங்களுக்குப் பேருந்துகள் உண்டு. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. பேருந்து நிற்காமலே கடந்துவிடும். ஆனால் டப்ளின் இருப்பது அயர்லாந்துக் குடியரசில், தலங்கள் இருப்பது பிரிட்டனின் ஆளுகைக்குட்பட்ட வட அயர்லாந்தில். கேட்க ஆளில்லை என்பதற்காக விசா தேவையில்லை என்றாகிவிடாது. இந்தியர்களின் குறுகிய கால விசாவில் இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்தைக் குறிக்கும் பிஐவிஎஸ் என்ற எழுத்துகள் இருந்தால், அந்த ஒரே விசாவில் இரு பக்கமும் செல்லலாம். இல்லையென்றால் வட அயர்லாந்துக்குத் தனி பிரிட்டன் விசா வேண்டும். பணமும் மாறும்: டப்ளினில் யூரோ, வட அயர்லாந்தில் பவுண்டு. மேலும், டப்ளினிலிருந்து வந்தால் போகவர நான்கு மணி நேரமாவது நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடுவதால், முடிந்தால் பெல்ஃபாஸ்டில் ஓர் இரவு தங்கி அங்கிருந்து ஏறுவதே நல்லது.

இனி டார்க் ஹெட்ஜஸ். இருபுறமும் பீச் மரங்கள் கிளை பின்னி நிற்கும் இச்சாலை, இரண்டாம் சீசனில் ஸ்டார்க் குடும்பத்துச் சிறுமி ஆர்யா தலைநகரிலிருந்து தப்பிச் செல்லும் காட்சியில் சில நொடிகள்தான் வருகிறது. அந்தச் சில நொடிகளுக்காக வந்த கூட்டமே மரங்களுக்கு வினையாயிற்று. ஸ்டூவர்ட் குடும்பத்தார் 1775 வாக்கில் நட்டவற்றில் இப்போது எஞ்சியிருப்பவை 90க்கும் குறைவு. வண்டிகளின் எடை வேர்களை நசுக்குவதால் 2017 முதல் இச்சாலையில் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஆகவே சற்றுத் தள்ளி இறங்கி நடக்க வேண்டும். ஆளில்லாத சாலை கிடைக்கும் என்று எண்ணிச் செல்வதும், படத்துக்காக வேலியேறி வேர்களின் மேல் நிற்பதும் தவறு. 2016இல் புயலில் விழுந்த மரங்களைக் கொண்டு தொடரின் காட்சிகளைச் செதுக்கிய பத்துக் கதவுகளைச் செய்து, வட அயர்லாந்தின் மதுக்கடைகளிலும் விடுதிகளிலும் மாட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சாலையைவிட அந்தக் கதவுகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஜயண்ட்ஸ் காஸ்வேயின் கருங்கல் தூண்களை இத்தொடரின் காட்சி என்று தேடுகிறவர்கள் உண்டு. வழியில் இருப்பதால் மட்டுமே பேருந்து அங்கே நிற்கிறது. ஆற்றைக் கண்டால் காசு போடும் நம் பழக்கத்தை மட்டும் அங்கே காட்டிவிடக் கூடாது. பாறை இடுக்கில் செருகப்பட்ட நாணயங்கள் துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கின்றன. காரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலத்துக்கு, கட்டணம் சுற்றுலாவில் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காற்று பலமாக வீசினால் 30 மீட்டர் உயரத்தில் தொங்கும் அந்தப் பாலத்தை மூடிவிடுவார்கள்.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது: பாலின்டாயில் குடையை விரித்த மறுகணமே அது கம்பியும் துணியுமாகப் பிரிந்து என் கையில் தொங்கியது. தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்றே அங்கே பயன்படும். கடலோரச் சாலை வளைந்து வளைந்து செல்வதால், தலைசுற்றும் உடம்புக்காரர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்காருவதையும் தவிர்க்க வேண்டும்.

அதே பாலின்டாயில் இன்னொன்றையும் கவனித்தேன். பேருந்து நின்றதும் பாதிப் பேர் கைப்பேசியோடு கடலைப் பார்க்க விரைந்துவிட்டார்கள். வழிகாட்டிகளில் பலர் தொடரில் துணை நடிகர்களாக நின்றவர்கள். எங்கள் வழிகாட்டி ஒரு படத்தை உயர்த்திப் பிடித்து, தொடரில் தியான் கிரேஜாய் என்பவன் கரையேறிய பைக் தீவின் துறைமுகத்தில் எந்தக் கற்சுவர் நிஜம், எது கணினியில் வரைந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். படகுத்துறையிலிருந்து திரும்பியவர்கள் என்னிடம் வந்து, இங்கே எந்தக் காட்சி எடுத்தார்கள் என்று கேட்டபோது, அவர் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்.