"காவலிலுள்ள ஆவிகள்": 1 பேதுரு 3:19, 4:6 வசனங்களை வாசிக்கும் முறை

மரணத்திற்குப் பின்னும் இரட்சிப்புக்கு வழி உண்டா என்ற கேள்வியோடு பேதுருவின் முதலாம் நிருபத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வசனங்களில் வந்து நிற்பார்கள். 3:19-இல் கிறிஸ்து "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்". 4:6-இல் மரித்தோருக்கும் "சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது". இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் ஓர் உபதேசமே உருவாகிவிடும் என்பதால், அந்த முடிச்சு வேதவாக்கியத்திலேயே இருக்கிறதா, நாம் போட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பேதுரு இங்கே என்ன சொல்கிறார் என்பது தமக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்று சபைச் சீர்திருத்தத்தின் தலைவரான மார்ட்டின் லூத்தரே எழுதியிருக்கிறார். ஆகவே திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வசனத்தைத் தனியே பிடுங்கி எடுக்காமல், 3:13 முதல் 4:6 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். நடுவிலுள்ள அதிகாரப் பிரிவு பேதுரு இட்டதல்ல. நன்மை செய்தும் பாடுபடுகிற விசுவாசிகளுக்கு அவர் எழுதுகிறார். பாடுபட்ட கிறிஸ்து முடிவில் வெற்றி பெற்றார் என்பதே அவர்களுக்கு அவர் தரும் தைரியம். மரித்தவர்களின் நிலையை விளக்குவது இப்பகுதியின் நோக்கமல்ல.

அடுத்து வினைச்சொற்களைக் கவனியுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு 3:19-இல் "பிரசங்கித்தார்" என்றும் 4:6-இல் "சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது" என்றும் வேறுபடுத்துவது தற்செயலல்ல. கிரேக்க மூலத்திலும் இவை இரு வேறு சொற்கள். முதற்சொல் ஓர் அரசனின் அறிவிப்பை முரசறைந்து சொல்வதற்கும் பொருந்தும். அறிவிக்கப்பட்டது மன்னிப்பா, வெற்றியா என்பதை அந்தச் சொல் மட்டும் தீர்மானிக்காது.

"போய்" என்ற சிறிய சொல்லையும் தாண்டிவிடாதீர்கள். 3:19-இல் அவர் "போய்" பிரசங்கித்தார்; 3:22-இல் "பரலோகத்திற்குப் போய்" தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிறார், தேவதூதர்களும் அதிகாரங்களும் வல்லமைகளும் அவருக்குக் கீழ்ப்பட்டிருக்கின்றன. கிரேக்கத்திலும் இரண்டு இடங்களிலும் ஒரே சொல்தான். மேலும், இந்தப் போதல் 18-ஆம் வசனத்தின் "உயிர்ப்பிக்கப்பட்டார்" என்பதற்குப் பின்னரே வருகிறது. ஆகவே உயிர்த்தெழுந்தவர், 3:20 சொல்லுகிறபடி நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமற்போன ஆவிகளுக்குத் தம் வெற்றியை அறிவித்தார் என்ற விளக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. 2 பேதுரு 2:4-இலும் யூதா 6-இலும் காவலில் வைக்கப்பட்டவர்கள் தூதர்களே. "ஆவிகள்" என்று மட்டும் சொல்லி இறந்த மனிதரைக் குறிப்பது புதிய ஏற்பாட்டில் அரிது. எபிரெயர் 12:23 மனிதரைக் குறிக்கும்போது "நீதிமான்களுடைய" என்று சேர்த்தே சொல்கிறது.

ஆதித் திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் வேறு விதமாக வாசித்தார்: கிறிஸ்து தம் ஆவியினாலே நோவாவின் வாய்மூலம் அக்காலத்து மனிதருக்குப் பேசினார் என்பது அவர் கருத்து. 1:11-இல் தீர்க்கதரிசிகளுக்குள் இருந்த கிறிஸ்துவின் ஆவியைப் பற்றிச் சொல்லப்படுவதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் "போய்" என்ற சொல்லுக்கு அங்கே வேலை குறைந்துவிடுகிறது. அலெக்சந்திரியாவின் கிளெமெந்து போன்ற ஆதிச் சபை ஆசிரியர்கள் பாதாளத்திலும் மனந்திரும்ப இடமுண்டு என்று கருதினார்கள். அந்த ஆவிகள் அறிவிப்புக்குச் செவிகொடுத்தன என்று பேதுரு ஓரிடத்திலும் சொல்லாததே அதற்கு எதிரான பெரிய தடை.

4:6-க்கு வரும்போது ஆட்களே மாறிவிடுகிறார்கள். அதன் தொடக்கத்திலுள்ள "இதற்காக" என்ற சொல், உயிருள்ளவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் நியாயத்தீர்ப்புக் கொடுப்பவரைப் பற்றிய 4:5-ஐத் தொட்டு நிற்கிறது. உயிரோடிருந்தபோது சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசித்து, பிறகு மரித்துப்போனவர்களையே இங்கு எண்ண வேண்டும் என்பது என் முடிவு. "உங்கள் ஆட்களும் மற்றவர்களைப் போலச் செத்துத்தானே போனார்கள்" என்று புறத்தார் ஏளனம் செய்திருக்கக்கூடும். அதற்குப் பதில் அதே வசனத்தில் இருக்கிறது: மனுஷர் முன்பாக மாம்சத்திலே ஆக்கினை, தேவன் முன்பாக ஆவியிலே பிழைப்பு.