பொறியியல் கவுன்சலிங்: சாய்ஸ் லிஸ்டை எப்படி அடுக்குவது?

பெரம்பூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ரிசல்ட் வந்ததும் எல்லாப் பெற்றோரும் கேட்பது, "சார், சாய்ஸ் லிஸ்டில், அதாவது விருப்ப வரிசைப் பட்டியலில், எந்தெந்த காலேஜ் போடலாம்?"

முதலில் உங்கள் கட்-ஆஃப். கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணக்கு 94, இயற்பியல் 90, வேதியியல் 88 என்றால் 94+45+44=183.

அப்புறம் முந்தைய ஆண்டு ஒவ்வொரு காலேஜிலும் எந்தக் கட்-ஆஃபோடு இடங்கள் முடிந்தன என்பதை உங்கள் பிரிவுக்குரிய பத்தியில் பாருங்கள். ஓ.சி. பத்தியைப் பார்த்துவிட்டு மனமுடைந்து போகிற எம்.பி.சி. பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

183 உள்ளவர் 188-இல் முடிந்த இடங்களைத் தயங்காமல் மேலே போடலாம். ஒதுக்கீடு லிஸ்டின் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும்; கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. நடுவில் 180 முதல் 185 வரை. கடைசியில் 175-க்குக் கீழே முடிந்தவை. போக மனமில்லாத காலேஜை மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள், அதுவே கிடைத்துவிடலாம்.

பயணத்தையும் யோசியுங்கள். பெரம்பூரிலிருந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றால் சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் பிடிக்க வேண்டும். நாலு வருஷமும்.

லிஸ்டை இறுதியாக லாக் செய்யுமுன் கல்லூரிக் குறியீட்டை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன.