கை எப்படிப் பழகுகிறது? எக்செலில் ஒரு சின்ன மாதிரி

தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விரல் பாட்டுக்கு வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை என்று மாற்றி மாற்றி எடுக்கிறது. கண் ரோட்டில் போகும் பஸ்ஸில் இருக்கிறது. அடுத்தது எது என்று விரலுக்கு எப்படித் தெரிகிறது? நிரல் எழுதத் தெரியாமலே இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் வரிசை. உண்மையான மாலை ரொம்பச் சிக்கல். நமக்கு நாலு போதும்: வெள்ளை, சிவப்பு, வெள்ளை, இலை. இதையே 10 சுற்று கீழே கீழே அடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்றுக்கு மூன்றாக ஒரு கட்டம். இடப்பக்கம் இப்போது எடுத்தது, மேலே அடுத்து வரப்போவது. ஒன்பதிலும் 0.33 போடுங்கள். புதுக் கைக்கு எல்லாமே ஒன்றுதான்.

இனிதான் கற்றல். எது வந்ததோ, அது 1-ஐ எட்ட எவ்வளவு குறைகிறதோ அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அதே வரியில் வராத இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். வெள்ளைக்குப் பின் சிவப்பு வந்தால் அதன் 0.33, 0.46 ஆகும், மற்றவை 0.26. எதிர்பாராதது வரும்போது மாற்றம் பெரிதாக இருக்கும், பழகப் பழகச் சிறுத்துவிடும்.

10 சுற்று முடிந்ததும் சிவப்பு வரியைப் பாருங்கள்: அடுத்தது வெள்ளை என்பதற்கு 0.93. சரி, வெள்ளை வரி? சிவப்பு வர வேண்டிய நேரத்தில் சிவப்புக்கு 0.44, இலைக்கு 0.56. இலை வர வேண்டிய நேரத்தில் அப்படியே தலைகீழ். கடைசியாக வந்ததையே நம்பி ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறது! 100 சுற்று ஓட்டினாலும் இதேதான். புதிதாகப் பழகும் பிள்ளைகள் தடுமாறுவதும் இப்படி ஒரு பூவுக்குப் பின் இரண்டு வழி பிரியும் இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தீர்வு எளிது. இடப்பக்கம் ஒரு பூவுக்குப் பதில் கடைசி இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். 'சிவப்பு-வெள்ளை' என்றால் இலை, 'இலை-வெள்ளை' என்றால் சிவப்பு. இப்போது இரண்டுமே 0.9-ஐத் தாண்டிவிடும்.

கை இப்படி வரிசையைப் பழகுவதை மனிதர்களிடம் 1987-இல் நிசன், புல்லமர் என்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நாலு விளக்கு, நாலு பொத்தான்; எரியும் விளக்குக்கு உரிய பொத்தானை அழுத்த வேண்டும். விளக்குகள் 10 இடம் கொண்ட ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப எரியும். மறதி நோயாளிகளுக்கு வரிசை ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் கை வேகமானது. நீங்களும் கட்டத்தில் வந்த பூவுக்கு இருந்த மதிப்பை நேரமாக மாற்றலாம்: 700-லிருந்து மதிப்பின் 300 மடங்கைக் கழித்தால் மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள் (இந்த எண்கள் நான் வைத்தவை). கடைசியில் வரிசையைக் கலைத்துப் போடுங்கள். நேரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கற்றிருக்கிறது.

அடுத்து வெள்ளை, சிவப்பு, இலை, வெள்ளை, இலை, சிவப்பு என்று ஓட்டிப் பாருங்கள். இதில் எந்தப் பூவுக்குப் பின்னும் இரண்டு வழி. கோஹன், ஐவ்ரி, கீல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் இந்த மாதிரி வரிசையைக் கொடுத்து, கூடவே கவனத்தைச் சிதறடிக்கும் வேலை ஒன்றையும் கொடுத்தபோது ஆட்கள் கற்கவில்லை. அடுத்தது எது என்பதற்கு ஒரே வழி மட்டும் உள்ள இடம் ஒன்றிரண்டு கலந்திருந்த வரிசையை, அதே சிதறலிலும் கற்றுக்கொண்டார்கள்.