வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு: செவ்வகங்களை வைத்துக் கணக்கிடும் முறை

எல்லாப் பக்கமும் நேர்க்கோடாக இருந்தால் பரப்பளவு காண வாய்ப்பாடு உண்டு. மேல்பக்கம் வளைந்துவிட்டால் அந்த வாய்ப்பாடுகள் உதவாது. அப்போது அந்த இடத்தை ஒல்லியான செவ்வகங்களாகப் பிரித்து, அவற்றின் பரப்புகளைக் கூட்டுகிறோம். இதற்கு ரீமன் கூடுதல் என்று பெயர். தொகையிடலுக்கு, அதாவது இப்படிப்பட்ட பரப்பைத் துல்லியமாகக் காணும் கணித முறைக்கு, இதை அடிப்படையாக வைத்து 1854இல் வரையறை தந்தவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் ரீமன்.

கட்டத்தாள், பென்சில், சாதாரண கால்குலேட்டர் போதும். சார்பு: ஒய் = எக்ஸ்² + 1. எக்ஸ் 0 முதல் 2 வரை, 4 செவ்வகங்கள். முதலில் படத்தை வரைந்துவிடுங்கள். வளைவரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது தெரியாமல் கூட்டத் தொடங்கினால், வந்த விடை கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது.

படி 1: அகலம்

மொத்த நீளத்தைச் செவ்வகங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். (2 − 0) ÷ 4 = 0.5.

படி 2: உயரங்கள்

0.5 இடைவெளியில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒய் மதிப்பைக் காணுங்கள்.

எக்ஸ் = 0 → 1
எக்ஸ் = 0.5 → 1.25
எக்ஸ் = 1 → 2
எக்ஸ் = 1.5 → 3.25
எக்ஸ் = 2 → 5

செவ்வகங்கள் 4, ஆனால் புள்ளிகள் 5. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: ஐந்து உயரங்களையும் கூட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரு செவ்வகத்தின் பரப்பு கூடுதலாகச் சேர்ந்துவிடும்.

படி 3: இடது முனை, வலது முனை இரண்டும்

இடது முனை விதியில் ஒவ்வொரு செவ்வகத்தின் உயரத்தையும் அதன் இடது ஓரத்தில் எடுக்கிறோம், அதனால் கடைசிப் புள்ளியை விட்டுவிடுகிறோம்: 1 + 1.25 + 2 + 3.25 = 7.5. அகலத்தால் பெருக்கினால் 3.75.

வலது முனை விதியில் உயரத்தை வலது ஓரத்தில் எடுக்கிறோம், அதனால் முதல் புள்ளியை விட்டுவிடுகிறோம்: 1.25 + 2 + 3.25 + 5 = 11.5. அகலத்தால் பெருக்கினால் 5.75.

இந்த வளைவரை முழுக்க ஏறுமுகம். அதனால் இடது செவ்வகங்கள் வளைவரைக்குக் கீழே அடங்கிவிடும், வலது செவ்வகங்கள் மேலே துருத்திக்கொண்டிருக்கும். உண்மையான பரப்பு 3.75க்கும் 5.75க்கும் நடுவே இருந்தே ஆக வேண்டும். ஒரே ஒரு விடையை எழுதி நிறுத்தாதீர்கள். எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று தெரியாத மதிப்பீட்டை நம்பி எதுவும் செய்ய முடியாது. இரண்டையும் கணக்கிட்டால் அந்த எல்லை கையில் கிடைக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் பார்க்காமலே சொல்லலாம். கடைசி உயரத்திலிருந்து முதல் உயரத்தைக் கழித்து அகலத்தால் பெருக்குங்கள்: (5 − 1) × 0.5 = 2. எத்தனை செவ்வகம் வேண்டும் என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம். வித்தியாசம் 0.01 ஆகக் குறைய அகலம் 0.0025 ஆக வேண்டும், அதாவது 800 செவ்வகங்கள்.

படி 4: நடுப்புள்ளி

800 செவ்வகங்களைக் கையால் கூட்ட வேண்டாம். உயரத்தை ஒவ்வொரு செவ்வகத்தின் நடுவிலும் எடுங்கள்: எக்ஸ் = 0.25, 0.75, 1.25, 1.75. உயரங்கள் 1.0625, 1.5625, 2.5625, 4.0625, கூடுதல் 9.25, பரப்பு 4.625. தொகையிட்டுக் கண்ட சரியான விடை 14/3, அதாவது ஏறத்தாழ 4.667. நாலே செவ்வகத்தில் பிழை 0.042 மட்டும். காரணம், ஒவ்வொரு செவ்வகமும் இடது பாதியில் கொஞ்சம் அதிகமாக எடுக்கிறது, வலது பாதியில் ஏறக்குறைய அதே அளவை விட்டுவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. இடது முனை விடையையும் நடுப்புள்ளி விடையையும் சராசரி எடுத்தால், 8 செவ்வகங்களுக்கான இடது முனை விடை கிடைத்துவிடும்: (3.75 + 4.625) ÷ 2 = 4.1875. புதிதாக எதையும் கூட்ட வேண்டியதில்லை.

ஏறி இறங்கும் வளைவரை

ஒய் = 4எக்ஸ் − எக்ஸ்² என்பதை 0 முதல் 4 வரை, அகலம் 1 வைத்துப் பாருங்கள். உயரங்கள் 0, 3, 4, 3, 0. இடது முனை 10, வலது முனையும் 10. இரண்டும் ஒன்றாக வந்ததால் விடை சரி என்று தோன்றும். சரியான விடை 32/3, சுமார் 10.67! வளைவரை ஒரே திசையில் போகும் வரைதான் இடது, வலது விடைகள் எல்லைகளாகும். உச்சி எக்ஸ் = 2இல் இருக்கிறது; அங்கே பிரித்து, ஏறும் பகுதிக்கும் இறங்கும் பகுதிக்கும் தனித்தனியாக எல்லை காணுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் கீழ் எல்லை 3, மேல் எல்லை 7. ஆக மொத்தப் பரப்பு 6க்கும் 14க்கும் இடையில்.

வளைவரை எக்ஸ் அச்சுக்குக் கீழே போனால் உயரம் எதிர்க்குறியில் வரும், கூட்டும்போது கழிந்துவிடும். பரப்பளவுதான் வேண்டும் என்றால், அச்சை வெட்டும் இடத்தில் பிரித்துக்கொண்டு, கீழ்ப்பகுதியின் குறியை நீக்கிக் கூட்டுங்கள்.

சமன்பாடு இல்லாமல் அட்டவணை மட்டும் இருந்தால்

ஒரு வண்டியின் வேகம் 5 வினாடிக்கு ஒருமுறை 0, 5, 9, 12, 14 மீட்டர்/வினாடி என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம், அதனால் இங்கே வளைவரைக்குக் கீழே உள்ள பரப்புதான் கடந்த தூரம். நடுவில் அளவீடு இல்லாததால் நடுப்புள்ளி விதி பயன்படாது. இடது முனை 26 × 5 = 130, வலது முனை 40 × 5 = 200; சராசரி 165 மீட்டர். இதுதான் 20 வினாடியில் வண்டி கடந்த தூரத்தின் மதிப்பீடு. வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் இருந்தால் முதலில் 3.6ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விடை 3.6 மடங்கு பெரிதாக வரும்.