ரெண்டு பக்கமும் எழுதுறேன்னு கிளம்பி ஒரே பக்கமா முடியுற ரிப்போர்ட்டுகள்

ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு, டேபிள்ல குவியல் குவியலா 'நடுநிலை ஆய்வறிக்கை' வந்து விழுது, அதுல பாதிப் பேரு எடுத்த தலைப்பு ஜல்லிக்கட்டு. தலைப்பு மேல எனக்குக் கோவம் இல்ல. ரெண்டு பக்கமும் எழுதிப் பழக இதவிட நல்ல விஷயம் சிக்குறது கஷ்டம், தீர்ப்பு இருக்கு, சட்டம் இருக்கு, நேர்ல போய்ப் பேச ஊர் இருக்கு, ஆளாளுக்கு ஒரு கருத்தும் இருக்கு. ஆனா படிக்கப் படிக்க, வேலைக்குச் சேர்ந்த புதுசுல நாங்கல்லாம் சொதப்பின அதே இடத்துல அச்சு அசலா இவங்களும் சொதப்புறாங்க. ஸ்பெல்லிங், காப்பி பேஸ்ட், பக்க நம்பர் போடாம விடுறது இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு உங்க கைடு திட்டுவாரு.

எதிர்த்தரப்பு வாதத்த, அவங்கள பிடிக்காதவங்க வாயில இருந்து எடுக்குறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வர்ற தப்பு. மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கணும்னு அவனோட பங்காளிச் சண்டை போட்டவன் வீட்டுக்குப் போய்க் கேக்குற மாதிரி.

எப்படி நடக்கும்னா, எழுதுற பையன் மதுரைப் பக்கம், மனசுக்குள்ள ஜல்லிக்கட்டு வேணும்னு இருக்கு, அதுல ஒண்ணும் தப்பில்ல. 'தடை கோருவோர் தரப்பு'ன்னு நாலு பக்கம் எழுதுறான். உள்ள பார்த்தா, வெளிநாட்டு அமைப்பு கேஸ் போட்டுச்சு, நாட்டு மாட்ட ஒழிக்கப் பாக்குறாங்க, ஏ1 பால் (வெளிநாட்டு, கலப்பின மாட்டோட பால்னு சொல்றது) வியாபாரம், இவ்ளோதான். இது தடை கேட்டவங்க வாதமே இல்ல, 2017 ஜனவரியில மெரினாவுல அவங்களப் பத்திப் பேசிக்கிட்டது. அந்த வாட்ஸ்ஆப் ஃபார்வர்டுக்கு அடிக்குறிப்பு நம்பர் போட்டா அது ஆய்வு ஆயிடுமா?

தீர்ப்போட முதல் பக்கத்தப் பார்த்திருந்தாலே போதும். ஜல்லிக்கட்டத் தடை பண்ணின 2014 மே 7 சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட பேரே 'இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் ஏ. நாகராஜா'. வெளிநாட்டு அமைப்புன்னு எல்லாரும் சொல்ற பீட்டாங்கிற விலங்கு நல அமைப்பும் கேஸ்ல இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா முன்னால நின்னது 1960ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்துப்படி உருவான அரசு வாரியம், அப்போ அதோட தலைமை ஆபீஸ் சென்னையிலதான் இருந்துச்சு, 2018லதான் ஹரியானாவுக்குப் போச்சு. வாரியத்தோட முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்ரா ஆரம்பிச்சவங்க, பொறந்தது மதுரையில. அதுக்காக அவங்க பக்கம் சரின்னு ஆயிடாது. ஆனா 'வெளியில இருந்து வந்த பிரச்சனை'ன்னு ஒரு பக்கம் எழுதி வச்சீங்களே, அத இப்ப எங்க கொண்டு போய் வைப்பீங்க?

சரி, அவங்க உண்மையில என்னதான் சொன்னாங்க? வாரியம் அனுப்பின ஆட்கள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ல பார்த்தத எழுதிக் குடுத்திருக்காங்க, வாலை முறுக்குறது, கடிக்கிறது, காதை அறுக்குறது, மணிக்கணக்கா அடைசலா நிறுத்தி வைக்குறதுன்னு. இதுக்கு 'விதிமுறை போட்டுச் சரி பண்ணிக்கலாம்'னு பதில் சொல்லிடலாம், பசங்களும் அத்தோட முடிச்சிடுறாங்க. அவங்களோட கனமான வாதம் அதுக்கு அடுத்தது: மாடு இயல்பிலேயே ஆபத்துன்னா ஓடித் தப்பிக்கிற பிராணி, கூட்டத்தப் பார்த்து மிரண்டு ஓடுற அந்த ஓட்டத்தத்தான் இங்க விளையாட்டா ஆக்குறோம், அப்ப விதியெல்லாம் கரெக்டா நடந்தாலும் பயம் அங்கேயேதான இருக்கு? இதுக்கு பதில் சொல்றதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வாதத்த விட்டுட்டு சுலபமானத மட்டும் எடுத்து அடிச்சா, படிக்கிறவனுக்கு உங்க பக்கமும் சேர்ந்து பலவீனமாத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கத்து ஆளுங்களும் யோக்கியம் இல்ல. சென்னையில நாய்க்குட்டி தத்தெடுக்குற ஒரு பொண்ணு, நல்லா எழுதுற பொண்ணு, 'ஆதரவுத் தரப்பு: பாரம்பரியம் என்பதால் ஆதரிக்கிறார்கள்' அப்டின்னு ரெண்டே வரியில முடிச்சிருந்துச்சு. என்னம்மா, மாடு வளக்குறவங்க ஒருத்தர்கிட்டயாவது பேசினியான்னா, இல்ல சார், ஆங்கிலக் கட்டுரைல இப்டித்தான் இருந்துச்சுங்குது. மாடு வளக்குறவங்க சொல்றது கணக்கு. உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு, பசுவுக்கு சினை ஊசி வந்தாச்சு, அப்ப காளைக்கு வேலை என்ன? காளங்கன்னு பொறந்தா தீனிச் செலவு மட்டும்தான், சந்தைக்குப் போகும், அங்கேருந்து அடிமாடா போகும். புலிக்குளம்ங்கிற நாட்டு இன மாட்ட மந்தையா (கிடை மாடு) வச்சிருக்கவங்ககிட்ட கன்னு வாங்கி வருஷம் முழுக்கத் தீனி போட்டு வளக்க ஒருத்தனுக்குக் காரணம் வேணும்ல, அந்தக் காரணம் வாடிவாசல். இது சரியா தப்பான்னு ஆராயலாம், தாராளமா. ஆனா இப்படி ஒரு வாதம் இருக்குன்னே ரிப்போர்ட்ல இல்லைன்னா?

இதோட செலவு என்னன்னு ஒரு தடவ கண்ணால பார்த்தோம். ஒரு ரிப்போர்ட், கள ஆய்வு பிரமாதம், ஊர்ஊரா போய் மாட்டுக்காரங்க, மருத்துவர், மாடுபிடி வீரர்னு எல்லாரையும் பேட்டி எடுத்திருந்தாங்க. விலங்கு நல வழக்குகள் பாக்குற ஒரு வக்கீல்கிட்ட படிக்கக் குடுத்தோம். அவர் முதல்ல கடைசிப் பக்கத்துக்குப் போய் ஆதாரப் பட்டியலப் பார்த்தாரு, தன் தரப்புல இருந்து ஒண்ணுகூட இல்ல. "இது நாங்க சொன்னது இல்லைங்க, நாங்க சொன்னதா அவங்க சொல்றது"ன்னுட்டு மூடி வச்சிட்டாரு. அந்தப் பேட்டிகள் பக்கத்த அவர் திறக்கவே இல்ல. ஒரு அத்தியாயம் போனதுல மொத்த உழைப்பும் போச்சு. அதனால எழுதின ஒவ்வொரு தரப்பையும் அந்தத் தரப்பு ஆள் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, "ஆமா, இதத்தான் சொல்றோம், நாங்களே இவ்ளோ தெளிவா சொன்னதில்ல"ன்னு அவர் சொல்ற வரைக்கும் அது டிராஃப்ட்தான்.

ரெண்டே ரெண்டு தரப்புன்னு முடிவு பண்றது

வேணும், வேணாம், அவ்ளோதானா? 2009ல தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமே ஒழுங்குபடுத்துற சட்டம், அது மூணாவது நிலைப்பாடு. பார்க்க வந்தவன் செத்துப்போறத மட்டும் கேள்வி கேட்டு, மாட்டப் பத்திக் கவலையே படாதவங்க இருக்காங்க. முதல் மரியாதை யாருக்கு, யார் காளை முதல்ல அவுக்குறதுன்னு சாதி பத்திக் கேக்குறவங்க இருக்காங்க, அவங்க இந்த ரெண்டு பக்கத்துலயும் அடங்க மாட்டாங்க. அவங்களையும் ஒரு அத்தியாயத்துல உக்கார வைங்க.

ஆளுக்குப் பாதி பக்கம்

ஸ்கேல் வச்சு அளக்காதீங்க. உண்மை என்னங்கிற கேள்வி வேற, எது முக்கியம்ங்கிற கேள்வி வேற. மாட்டுக்கு வலிக்குதா, காயம் எவ்ளோங்கிறதுக்கு ஆதாரம் எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் சாயுறதுதான் நேர்மை. இது பண்பாடா, அதச் சொல்ற உரிமை யாருக்குங்கிறது வேற மாதிரிக் கேள்வி, அங்கதான் ரெண்டு பேருக்கும் இடம் விடணும். கோர்ட்டே இதுல மாறியிருக்கு: 2014ல ரெண்டு நீதிபதிகள் பண்பாட்டு வாதத்த ஏத்துக்கல, 2023 மே 18ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு, அது சட்டமன்றம் முடிவு பண்ண வேண்டியதுன்னு சொல்லி ஜல்லிக்கட்ட திரும்ப அனுமதிச்ச தமிழ்நாட்டோட 2017 திருத்தச் சட்டத்த உறுதி பண்ணிடுச்சு.

2014 தீர்ப்போட ரிப்போர்ட்ட முடிக்கிறது

வேணாம். மேல சொன்னதப் படிங்க.

ஒரு புள்ளிவிவரத்த வச்சு வீடு கட்டுறது

2019 கால்நடைக் கணக்கெடுப்புல, 2012ஓட பார்த்தா, நாடு முழுக்க நாட்டு மாடு 6 சதவீதம் குறைஞ்சிருக்கு, கலப்பின, வெளிநாட்டு மாடு சுமார் 27 சதவீதம் ஏறியிருக்கு. இத எடுத்துப் போட்டு 'தடையின் விளைவு'ன்னு எழுதுறாங்க. நாடு முழுக்கன்னா பீகார், உத்தரப்பிரதேசமும்தான் சார், அங்க எங்க வாடிவாசல்?

வினைச்சொல்

ஒரு தரப்பு 'விளக்குகிறது', இன்னொண்ணு 'கூறிக்கொள்கிறது'. ரெண்டுக்கும் 'சொல்கிறது' போடுங்க.

முடிவுரைல பதுங்குறது

'இரு தரப்பிலும் நியாயம் உள்ளது, காலம்தான் பதில் சொல்லும்'. இந்த வரிய நான் பார்த்தா அடிச்சிடுவேன். நடுநிலைன்னா வாயை மூடிக்கிறதுன்னு யார் சொன்னா? எது தீர்ந்துபோன விஷயம், எது இன்னும் தீரல, தீரணும்னா என்ன தகவல் வேணும், இத எழுதுங்க. உதாரணத்துக்கு, 2017 விதிகள்ல மாட்டுக்கு டாக்டர் செக்கப், திமிலத் தவிர வேற எங்கயும் பிடிக்கக் கூடாதுன்னெல்லாம் இருக்கு, களத்துல அது எவ்வளவு நடக்குதுங்கிறதுதான் இப்ப ரெண்டு தரப்பும் மோதுற இடம். கலெக்டர் ஆபீஸ்லயும் கால்நடைத் துறையிலயும் பதிவு கேட்டு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாம். பதில் தர அவங்களுக்குச் சட்டப்படி 30 நாள் இருக்கு, அதனால சப்மிஷனுக்கு முந்தின வாரம் போட்டுட்டு, இன்னும் வரல சார்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க.